பின்சக்கரத்துப் பிரேக்

மேஸ்திரி ஜீப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, கீழே விரித்திருந்த அட்டையோடு சேர்த்துத் தன்னைப் பின்சக்கரம் வரை நகர்த்திக்கொண்டாள். மணி பதினொன்று. பத்தடி தள்ளி, வொர்க்‌ஷாப்பை ஒட்டிய வீட்டின் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கணவன் கிடந்தான். உயிர் போய்ப் பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியூரிலிருந்து மகள் வந்து சேர நாலு மணியாகும், அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மேஸ்திரி என்பது அவன் வைத்த பெயர். வெல்டிங் பட்டறைக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டு வந்தவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவளுக்கு அதுதான் தெரியும். புருஷன் ஓட்ட, பெண்டாட்டி ரிப்பேர் பார்க்க, இதென்ன தலைகீழ்க் குடித்தனம் என்று வாயைப் பொத்திச் சிரித்தவர்கள், இரண்டே வருஷத்தில் தங்கள் வண்டிகளையும் சத்தமில்லாமல் அவளிடமே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மலை மேலிருக்கும் செல்போன் டவர் ஜெனரேட்டர்களுக்கு டீசல் கேன் ஏற்றிப் போவது அவன் வேலை. அந்தப் பாதையில் வேறு வண்டி ஏறாது. ஜீப்புக்கு அவர்கள் மகளைவிட வயது அதிகம், பிடிவாதமும் அதிகம்.

நேற்று சாயங்காலம் அந்தப் பாதையிலிருந்து இறங்கும்போதுதான் போனான். ஒரு வளைவில், கைப்பிடிச் சுவரில் பம்பரை முட்டியபடி ஜீப் நின்றிருந்தது, உள்ளே அவன் ஸ்டீயரிங்கில் சாய்ந்திருந்தான். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் காகிதத்தை மாமனார் கையில்கூட வாங்கவில்லை.

"பிரேக் பிடிச்சிருக்காது. அந்தப் பயத்துலதான் நெஞ்சு நின்னுருக்கும்" என்றார். "யாரு கை வெச்ச பிரேக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பிரேக் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். சொந்தபந்தம் மொத்தமும் அவள் முகத்தைப் பார்த்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள், கொடுத்துப் பழக்கமும் உண்டு. நேற்று வாயடைத்து நின்றாள். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அடைத்தது துக்கம் மட்டுமில்லை.

இருபது நாளைக்கு முன்னால் ஜீப்பின் பின்பக்கப் பிரேக் குழாய்களை எல்லாம் அவள்தான் புதிதாக மாற்றினாள். இடது சக்கரத்துக்குப் போகும் குழாயை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் பிராக்கெட் துருவேறிக் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. புதிதாக ஒன்று வெட்டிப் பற்றவைக்க அரைமணி நேரம் போதும். ஆனால் அன்றைக்கு வெல்டிங் மெஷினின் ஒயர் கருகிப் போயிருந்தது, மறுநாள் விடியற்காலை டீசல் ஏற்றியாக வேண்டும். ரப்பர்த் துண்டைச் சுற்றி, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டு, ரெண்டு நாள் தாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டாள். ஒயர் மூன்றாம் நாளே சரியானது. அந்த அப்புறம் மட்டும் வரவே இல்லை. அடுத்தவர் வண்டியில் ஒரு போல்ட் குறைந்தாலும் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவள், சொந்த வண்டியை மறந்தே போனாள்.

இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இரவு முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ செத்ததுக்கு நான்தான் காரணமா என்று அவனையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எப்போதும்போல, மேஸ்திரி சொன்னா சரி என்கிற முகத்தோடு படுத்திருந்தான். அவளுக்கு அவன் மேல் கோபம்கூட வந்தது. காலையில் கிரேன்காரர் ஜீப்பை இழுத்துவந்து, பின்பக்கம் ஷெட்டுக்குள் இருக்கும்படி தள்ளி நிறுத்திவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். கூட்டம் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து அவள் எழுந்து, ஆணியில் தொங்கிய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜீப்புக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. நாத்தனாரின் கால்கள்.

"அண்ணி, வெளிய வாங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நானும் பாக்கத்தான் வந்திருக்கேன்."

கால்கள் திரும்பி, மாமனாரின் தம்பியான சித்தப்பாவிடம் சொல்லப் போயின.

அவள் டார்ச்சை அடித்தாள். கேபிள் டை இல்லை. ரப்பர்த் துண்டும் இல்லை. குழாய் தொய்ந்து இறங்கி, ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டின் முனையில் சாய்ந்திருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அங்கே உரசியிருக்கிறது. உரசிய இடம் வெள்ளி மாதிரிப் பளபளத்தது. துணியால் துடைத்தாள், துணியை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஈரமில்லை. சக்கரத்தின் உள்பக்கமும் காய்ந்தே இருந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே வந்த தடமில்லை. நகத்தால் தடவினாள். நகம் பள்ளத்தில் மாட்டி நின்றது. குழாயின் கனத்தில் பாதி போயிருந்தது. பாதி இருந்தது.

ஓட்டை விழவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், காதோரம் வழிந்த கண்ணீரைத் துடைக்காமல் விட்டாள். பிழைத்தோம் என்று ஒரு நினைப்பும், சீ என்று ஒரு நினைப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

யாருக்கும் தெரியப்போவதில்லை. கையளவு கிரீஸை எடுத்து அப்பிவிட்டால் அந்தப் பளபளப்பும் மறைந்துவிடும். இந்த வண்டிக்கு அடியில் வந்து படுத்துப் பார்க்க அங்கே யாருக்கு முதுகு வளையும். அவள் கை கிரீஸ் டப்பா இருக்கும் பக்கம் போகவில்லை என்று சொன்னால் பொய். போனது. டப்பாவின் மூடியைத் தொட்டது. பிறகு திரும்பி வந்தது.

அவள் வெளியே வந்து, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனாருக்கு முன்னால் போய் நின்றாள். முழங்கை வரை கறுப்பு.

"மாமா, வண்டில ஏறி பிரேக்கை மிதிங்க."

சித்தப்பா எழுந்துவிட்டார். இழவு வீட்டில் இதென்ன கூத்து, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா என்று அவர் நாக்கில் நரம்பில்லாமல் நீட்டி முழக்கியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் புள்ளையைக் கொன்ன வண்டில நான் ஏறணுமா?"

"கொன்னுச்சான்னு உங்க கால் சொல்லட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

பெரியவர் எழுந்தார். அவர் நடந்த வேகத்தைப் பார்த்தால் ஜீப்பை எரிக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. கதவருகே செருப்பைக் கழற்றினார். முப்பத்தொரு வருஷமும் வெறுங்காலோடுதான் ஓட்டினார், பெடல் பேசுவது செருப்புக் காலுக்குக் கேட்காது என்பார். அவர் ஏறி உட்காருவதற்குள் அவள் மறுபடி அடியில் போய், குழாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். வெடித்தால் தன் முகத்தில் வெடிக்கட்டும்.

"மிதிங்க."

மிதித்தார். குழாய் மயிரிழை அசைந்தது.

"இன்னும் பலமா மிதிங்க மாமா. என்னை நெனச்சுக்கிட்டு மிதிங்க."

மூன்றாவது முறை மிதித்தபோது சீட்டின் ஸ்பிரிங்குகள் முனகின. மகனைப் பறிகொடுத்த ஒரு மனுஷனின் அத்தனை பலமும் அந்தக் குழாய்க்குள் வந்து நின்றது. பாதிக் கனம்தான் இருந்தது, தாங்கியது. பளபளத்த இடத்தையே அவள் இமைக்காமல் பார்த்திருந்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

மேலிருந்து பெரியவரின் குரல், யாரிடமும் இல்லாமல், வந்தது.

"கல்லு மாதிரி நிக்குது." சற்றுப் பொறுத்து, "பம்பர்ல கையகலம்தான் நசுங்கியிருக்கு. பிரேக் இல்லாம அந்த எறக்கத்துல வந்திருந்தா சுவரு தாங்காது. பள்ளத்துலதான் தேடியிருக்கணும். அவன் நிறுத்திட்டான். நிறுத்தினதுக்கப்புறம் கால் நழுவியிருக்கு. அப்பதான் உருண்டு போய் இடிச்சிருக்கு."

இதோடு விட்டிருக்கலாம். சொந்தபந்தம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது, வழக்கு அவள் பக்கம் தீர்ந்துவிட்டது. அவள் வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியே பிராக்கெட் பெயர்ந்ததை, கேபிள் டை கட்டியதை, இருபது நாளாக மறந்ததை, குழாய் பாதி தேய்ந்திருப்பதைச் சொன்னாள்.

பெரியவர் இறங்கினார். நல்ல சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒருக்களித்து, முக்கி முனகி ஜீப்புக்கு அடியில் தலையை நுழைத்தார். சித்தப்பா தடுக்கப் போனார், கையைத் தட்டிவிட்டார். அவள் டார்ச்சைப் பிடித்தாள். அவர் நகத்தை வைத்துப் பார்த்தார். அடியில் இருவர் தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இதை எதுக்கு எங்கிட்ட சொன்ன?"

"நீங்க பாதி தெரிஞ்சுக்கிட்டுப் போயிட்டா, மீதியை நான் ஒருத்தியா எத்தனை நாள் சுமக்கறது?"

அவர் அந்தப் பள்ளத்தை மறுபடி ஒருமுறை தடவினார்.

"இன்னும் ஒரு மாசம் தாங்கியிருக்கும்" என்றார். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. "மாத்து."

"இப்பவா மாமா?"

"மணி பன்னெண்டுதானே ஆகுது. அவன் எங்க போயிடப் போறான்."

தீப்பொறி படாமலிருக்க ஜீப்பிலிருந்த டீசல் கேன்களை வெளியே தூக்கி வைத்தார்கள், அவரே ஒன்றைத் தூக்கினார். பழைய குழாயைக் கழற்றி எடுத்ததும் அவள் இரும்புப் பட்டையில் பிராக்கெட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டாள். ஆக்ஸிலைத் தேய்த்துத் துரு எடுத்து, முகமூடியைப் போட்டுக்கொண்டு பற்றவைத்தாள். முகமூடிக்குள் அவள் வாய்விட்டு அழுதாள். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வெல்டிங் வெளிச்சம் கூடத்துச் சன்னல் வரை போய் வந்தது. வந்தவர்களில் யாரோ இது அடுக்குமா என்று ஆரம்பிக்க, பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"என் புள்ளை பொண்டாட்டி வேலை பாக்கறா. கண்ணு கூசுதுன்னா உள்ள போய் உக்காருங்க."



புதுக் குழாயை வளைத்து, முனைகளை விரித்து, இரண்டு பக்கமும் முடுக்கி, பிராக்கெட்டில் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. இனி குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் மேலே மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே காற்று போகும் நிப்பிளைத் திறக்க வேண்டும். இத்தனை வருஷமும் மேலே உட்கார்ந்தவன், மேஸ்திரி தூங்கிட்டியா என்று ஒவ்வொரு மிதிக்கும் கேலி செய்வான். இன்று பெரியவர் ஏறி உட்கார்ந்தார்.

"மிதிங்க மாமா."

"மிதிச்சுட்டேன்."

"பிடிச்சுக்கங்க. ம்... விடுங்க."

பாட்டிலுக்குள் விட்டிருந்த குழலில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. பத்து முறை, பதினைந்து முறை. வேறு பேச்சே இல்லை. பிடிச்சுக்கங்க, விடுங்க, அவ்வளவுதான். நேற்று ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத இருவரும் அந்த இரண்டு வார்த்தைகளை மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வெறும் ஆயில் மட்டும் வந்தது. நிப்பிளை முடுக்கிவிட்டு எழுந்து வந்து, ஆயிலை நிரப்பி, பேட்டரி ஒயரை மாட்டினாள். பின்பக்கம் போய்க் குனிந்து, கடைசியாக ஒருமுறை மிதிக்கச் சொன்னாள்.

மிதித்தார். கசிவில்லை. புதுக் குழாய் பிராக்கெட்டுக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது.

"போதும் மாமா, காலை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. மிதித்த பிரேக்கில் பின்விளக்குகள் இரண்டும் எரிந்தன. ஷெட்டுக்குள் இருட்டாக இருந்ததால் வெள்ளைச் சுவரில் இரண்டு சிவப்பு வட்டங்கள் விழுந்து, அசையாமல் நின்றன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்கண்ணாடி வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது, இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. அவள் இன்னொரு முறை சொல்லவில்லை.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தமும், மகளின் அழுகையும் கேட்டன. சித்தப்பா ஷெட்டுக்கு வந்து, பொண்ணு வந்தாச்சு, நேரமாகிறது, அண்ணனைக் கூப்பிடு என்றார்.

"எம்பொண்ணை உள்ள கூட்டிட்டுப் போங்க, இதோ வரேன்" என்றாள் மேஸ்திரி. "அவரைக் கூப்பிடாதீங்க. பிரேக் பாத்துக்கிட்டு இருக்கார்."

சித்தப்பா சுவரைப் பார்த்தார். சிவப்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.