விசிறிக்குத் தைத்த உறை

என் தையலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். உள்ளே போய்விட்ட தண்ணீர் வெளியே வரவும் வழியிருக்காது என்று அப்போது யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதற்கும் பின்னால் வெட்டவெளி. அந்தக் கொட்டகையில் ஆறு வருடமாக ஒரே ஒருவர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். நான் கார் சீட்டுக்கும் சோபாவுக்கும் உறை தைக்கிறவள். அந்த விமானத்தில் என் கைவேலை ஒன்றே ஒன்றுதான். மூக்கில் இருக்கும் மர விசிறிக்கு ரெயின்கோட் துணியில் தைத்த உறை. வெயிலும் ஈரமும் மரத்துக்கு ஆகாதாம். உறை போட்டாலும் விசிறியைப் படுக்கை வாக்கில்தான் நிறுத்த வேண்டும் என்று சாப்பிடும்போதுகூடப் பாடம் நடத்துவார்.

“நட்டுக்குத்தலா நிறுத்தினா ஈரம் பூரா விசிறியோட கீழ் இறக்கைக்கு இறங்கிடும். ஒரு பக்கம் எடை கூடினா, சுத்தற வேகத்துல இன்ஜினையே பிடுங்கி எறிஞ்சிடும்.”

“வாயக் கழுவுங்க,” என்றேன்.

போன வாரம் அடைமழை. அவருக்கு வெளியூர் வேலை. துணி காயப்போட இடமில்லாமல் கொட்டகைக்குள் கொடி கட்டினேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அந்த விசிறி நெற்றியில் இடித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொடவே கூடாது என்று அவர் சொல்லியிருந்த சாமானைப் பிடித்து, “ஒழிஞ்சு போ” என்று செங்குத்தாகத் திருப்பிவிட்டேன். துணிகள் காய்ந்தன. விசிறியைச் சுத்தமாக மறந்துபோனேன்.

ஞாயிறு காலை முதல் பறப்பு. சனிக்கிழமை மாலை அவர் ஊரிலிருந்து வருவதற்குள் உறையைக் கழற்றலாம் என்று போனால், அதன் கீழ்முனை உப்பித் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அவிழ்த்து உறையை உருவியதும் ஒரு செம்புத் தண்ணீர் என் காலில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். பொத்தான் போடும் நடுவிடத்துக்கு நேர் மேலே கூரை ஒழுகியிருக்கிறது. கீழ் இறக்கையின் நுனியில் வார்னிஷ் வெளுத்திருந்தது. துண்டால் துடைத்தேன், விசிறியைப் படுக்கை வாக்கில் திருப்பினேன், உறையைக் கொடியில் போட்டேன். திருடி மாதிரி.

ராத்திரி சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் எனக்குப் பெயர். என்ன சொன்னாலும் பறக்கவிடாமல் தடுக்கத்தான் சொல்கிறேன் என்பார். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, என் தப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

காலையில் நாத்தனார் போனும் கையுமாக வந்து நின்றாள். என் வேலை, சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டைகளை இழுப்பது.

“ஆறு வருஷமா முட்டுக்கட்டை போட்டவளே நீதானே. எடுக்கறதும் நீயே எடு,” என்று சிரித்தபடி ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியிலிருந்து எடுத்த உறை என் கையில் இருந்தது. அதன் நுனித் தையல் விரலுக்கு இன்னும் ஈரமாகப் பட்டது. ஒரு ராத்திரி கொடியில் கிடந்த துணியே காயவில்லை. ஒரு வாரம் தண்ணீரில் நின்ற மரம்?

கட்டைகளை இழுக்காமல் போய் விசிறிக்கு முன்னால் நின்றேன்.

“அண்ணி, தள்ளி நில்லுங்க. படத்துல நீங்கதான் விழறீங்க,” என்றாள் நாத்தனார்.

“ஏய், என்ன விளையாட்டு இது? பயமா இருந்தா உள்ள போய் உக்காரு!” என்று அவர் கத்தினார்.

“பயமாத்தான் இருக்கு. எறங்குங்க. நான்தான் இதை நட்டுக்குத்தலா திருப்பி வெச்சேன். ஒரு வாரம். உறைக்குள்ள தண்ணி நின்னுச்சு.”

அவர் பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். விசிறியின் ஆறு போல்ட்டுகளையும் கழற்றி அதைக் கொட்டகைக்குள் தூக்கிப் போனார். ஒரு கம்பியை விசிறியின் நடு ஓட்டை வழியாகக் கொடுத்து, அதன் இரண்டு முனைகளையும் இரண்டு நாற்காலிகளின் முதுகில் வைத்தார். இரண்டு பக்கமும் எடை சரியாக இருந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். கையை எடுத்தார். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெளுத்த நுனி மெதுவாகக் கீழே இறங்கியது. அதை மேலே தூக்கிவிட்டார். சுற்றிக்கொண்டு மறுபடியும் அதுவே கீழே வந்தது. மூன்றாவது தடவையும் அதுவேதான். நாத்தனார் போனை இறக்கிவிட்டாள்.

“திட்டிடுங்க,” என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நேத்து கொடியில உறை சொட்டிட்டு இருந்ததப் பாத்தேன். வெளியிலயே எடுக்காத உறை எப்படி நனைஞ்சுதுன்னு தோணுச்சு.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“கேட்டா கழட்டணும்ல. இன்னிக்குப் பறக்க முடியாதுல்ல.”

சனிக்கிழமையிலிருந்து நான் பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த மனிதர் அந்தச் சந்தேகத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டு மேலே போயிருப்பார்.

வீட்டுக்குள்ளிருந்து தையல் பெட்டியைக் கொண்டுவந்து, கத்தரிக்கோலை எடுத்து உறையின் இரண்டு நுனிகளிலும் தண்ணீர் வடிய ஓட்டை போட்டேன்.

“இனிமே தோணுச்சுன்னா?” என்றேன்.

“கேக்கறேன்.”

நான் நம்பவில்லை. அவர் பக்கத்தில் கிடந்த ஆறு போல்ட்டுகளையும் பொறுக்கி என் தையல் பெட்டிக்குள் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டேன்.