மெமரி கார்டில் இருந்த வியாழக்கிழமை

எக்ஹார்ட் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து மணியடித்தான். அந்தப் பத்து நிமிடத்தையும் ஹைட்ருன் அவனை வெளியிலேயே நிறுத்திவைத்தாள். சரியாக மூன்று மணிக்குக் கதவைத் திறந்தபோது, அவன் பழைய சூட்கேஸ் அளவில் ஓர் இரும்புப் பெட்டியை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு நின்றான்.

"கை விட்டுப்போச்சு," என்றான்.

"கீழ வைக்க வேண்டியதுதானே. தரை கடிச்சிடுமா?"

அவன் ஹைட்ருனின் கணவர் ஃபோல்க்மாரின் தம்பி. பக்கத்து ஊரான ஜோலிங்கனில் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை. ஃபோல்க்மார் மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, பாட்டு கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஹைட்ருன் அப்போது பல் டாக்டரிடம் போயிருந்தாள். மூன்றரைக்குத் திரும்பி வந்தபோது ஸ்பீக்கர்கள் அமைதியாக இருந்தன. உயிர் போனது மூன்று மணி வாக்கில் இருக்கலாம் என்றார் மருத்துவர். அப்போது என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.

யாராலும் என்பது சரியில்லை. ஃபோல்க்மார் தன் இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, சீட்டுக்கட்டு அளவுள்ள ஒரு சின்னக் கணினி வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். எந்தப் பாட்டு எந்த நாளில் எத்தனை மணிக்கு ஒலித்தது என்பதை அந்தச் சின்னக் கணினி தன் மெமரி கார்டில் குறித்துவைத்திருக்கும். அதைத் திறந்து பார்க்க ஹைட்ருனுக்குத் துணிவு வரவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டாள். இதற்குள் பாட்டு விட்டு விட்டு ஒலிக்க ஆரம்பித்தது. ஜூலையில் அந்தக் கணினி எழுந்திருக்கவே இல்லை.

அவள் முப்பது ஆண்டுகள் நிலப்பதிவு அலுவலகத்தில் இருந்தவள். நகலெடுக்காமல் மூலப் பத்திரத்தின் மேல் விரல் வைக்கக் கூடாது என்பது அவள் ரத்தத்தில் ஊறியது. ஃபோல்க்மார் எழுதிவந்த இணையக் குழுவை மூன்று வாரம் படித்தாள். கார்டைக் கழற்றி, மேஜைக் கணினியில் செருகி நகலெடுக்கப் பார்த்தாள். இரண்டு முறை பாதியில் நின்றது. கெட்டுப்போன இடங்களைத் தாண்டிப் போகும் ஒரு நிரல் கிடைத்து, இன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. இப்போது எழுபத்தெட்டு சதவீதம்.

எக்ஹார்ட் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னும் அந்தப் பொம்மையைக் கட்டிக்கிட்டு அழுறியா? பாட்டெல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கு. கார்டைக் குப்பையில போடு. இந்தப் பெட்டியில எல்லாத்தையும் புதுசா ஏத்திடுறேன். சுத்தமா முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

"எனக்குச் சுத்தம் வேண்டாம். அந்தக் கார்டுல இருக்கிறதுதான் வேணும்."

"அதுல என்ன இருக்கு? தேதியும் நேரமும்."

"ஆமா. அதுதான்."

அவன் தோளைக் குலுக்கினான். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிளம்ஸ் கேக் மூடியின் கீழே இருந்தது. காப்பி நேரம். ஹைட்ருன் அவனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இது எவ்வளவு கரண்ட் குடிக்கும்?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

"சும்மா இருந்தா நூறு வாட். ஆபீஸ்ல கழிச்ச சர்வர். யானை மாதிரி உழைக்கும்."

"அவரோடது அஞ்சு வாட். சத்தமும் கிடையாது. இதுக்குள்ள எத்தனை ஃபேன்?"

"ஆறு."

"பாட்டு கேக்குற ரூம்ல ஆறு ஃபேன். தலை காய வைக்கவா?"

"நீ எப்போ ஹார்ட்வேர் நிபுணி ஆன?"

"நீ நிறுத்தினதுலேருந்து."

எக்ஹார்ட் குனிந்து பெட்டியின் வயரை இழுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் பார்த்தான். அங்கே சிவப்புப் பொத்தான் வைத்த நீளப் பிளக் பலகை கிடந்தது. அவன் யோசிக்கக்கூட இல்லை. கால் தானாக நீண்டு பொத்தானின் மேல் போனது. ஹைட்ருன் தன் செருப்புக் காலை அவன் ஷூவுக்கு அடியில் செருகினாள். வலித்தது. எடுக்கவில்லை.

"காலை எடு."

"பிளக் மாட்டணும்னா முதல்ல அணைச்சிட்டுத்தானே..."

"எடு, எக்ஹார்ட்."

அவன் எடுத்தான். திரையில் எழுபத்தொன்பது.

அந்தக் கால் போன விதம் அவள் கண்ணிலேயே நின்றது. அது பழகிய கால். சவ அடக்கத்தின்போது அவன் ஒரு வாரம் இந்த அறையில்தான், இந்தச் சோபாவில்தான் படுத்திருந்தான்.

"அந்த வாரம் எத்தனை தடவை இதை அணைச்ச?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"தினமும் படுக்கும்போது. ராத்திரி பூரா எதுக்கு வீணா ஓடணும்? எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான். அம்மா பழக்கினது. காலையில நீ எந்திரிக்கிறதுக்குள்ள போட்டுடுவேன்."

"கார்டுல எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினா கார்டு செத்துடும். மூணு வாரம் படிச்ச எனக்கே தெரியுது. உனக்கு இதுதான் பொழப்பு."

அவன் தண்ணீரை எடுத்துக் குடித்தான். காது மடல்கள் சிவந்திருந்தன.

"அஞ்சு வாட்டை மிச்சம் பிடிச்சு அதைக் கொன்னுட்டு, நூறு வாட்டைத் தூக்கிக்கிட்டு உபகாரம் பண்ண வந்திருக்க," என்றாள்.

"அவன் மட்டும் என்ன யோக்கியன்? சர்ச் நிலவறையில நானும் என் கூட்டாளிங்களும் வாசிச்சுப் பதிஞ்ச பாட்டுக் கேசட். உலகத்துலயே ஒரே ஒரு பிரதி. கேட்டுட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனான். தொலைஞ்சுபோச்சுன்னான். அது போதாதுன்னு நாப்பது வருஷமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் வாசிப்பை 'வாளிக்குள்ள மாட்டின பூனை'ன்னு சொல்லிச் சிரிப்பான். நீயும்தான் சிரிச்ச."

"வேடிக்கையா இருந்துச்சு, சிரிச்சேன். பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"அப்போ எதை வாங்கப் போற?"

"அதே மாதிரி சின்னது. நல்ல பவர் அடாப்டரோட. கார்டு வேண்டாம், சீக்கிரம் கெடாத எஸ்எஸ்டி டிஸ்க். அந்தப் பொத்தானுக்கு மேல கெட்டி டேப்பு."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். ஒவ்வொரு படியிலும் அது இடித்தது. ஹைட்ருன் படிக்கட்டு விளக்கைக்கூடப் போட்டுவிடவில்லை.

அவள் திரும்பி வந்து காத்திருந்தாள். கடைசிப் பகுதி வேகமாகப் போனது. நகல் முடிந்ததும், அச்செடுத்து வைத்திருந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு கட்டளையாகத் தட்டினாள். பட்டியல் திறந்தது. ஜூலையிலிருந்து பின்னோக்கி மார்ச் மாதத்து அந்த வியாழக்கிழமை வரை போனாள்.

அந்த நாளின் மேல் வரி: வியாழன், 14:41. எக்ஹார்ட், நிலவறை, இரண்டாம் பக்கம். இருபத்து மூன்று நிமிடம்.

அதற்குக் கீழே, அதே வியாழன், முதல் பக்கம். அதற்குக் கீழே புதன்கிழமை, அதே இரண்டாம் பக்கம். ஓரத்தில் எத்தனை தடவை கேட்டது என்ற எண்: நாற்பத்தாறு.

ஹைட்ருன் பட்டியலில் இன்னும் கீழே கீழே போனாள். ஏதாவது ஒன்று தன்னுடையதாக இருக்காதா என்று பார்த்தாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வரிசை இருந்தது: அவள் துணி தேய்க்கும்போது கேட்கும் பாட்டுகள். அவளே போட்டவை.

ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதினாள். அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். ஆறு மாதம் இதற்காகவா பயந்தோம் என்று இருந்தது.

கதவு தட்டப்பட்டது. எக்ஹார்ட்.

"என் வயரை விட்டுட்டேன். பாதி வழியிலேருந்து திரும்பி வரேன்," என்றான். மூச்சு வாங்கியது. அவன் பார்வை அவளைத் தாண்டி அறைக்குள் போனது. "முடிஞ்சுதா? கிடைச்சுதா?"

அவள் வயரைச் சுருட்டி அவன் கையில் திணித்தாள்.

"கிடைச்சுது."

"என்ன கேட்டுக்கிட்டிருந்தான்?"

அவன் குரலில் அப்போது பகை இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சட்டைப் பையின் மேல் அவள் கை போனது. எடுத்துக் கொடுத்தால் இந்த மனிதன் இந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுவான். அவளுக்கு நன்றி சொல்வான். ஃபோல்க்மாரின் கடைசி இருபத்து மூன்று நிமிடமும் காரில் ஏறி ஜோலிங்கனுக்குப் போய்விடும்.

"ரேடியோ," என்றாள். "வானிலை அறிக்கை."

"ஓ." அவன் தலையாட்டினான். "சரி. அவனுக்கு அது பிடிக்கும்." வயரைக் கையில் சுற்றிக்கொண்டே இரண்டு படி இறங்கி, நின்றான். "வீட்டை ஒதுக்கும்போது அந்தக் கேசட் எங்கயாவது கண்ணுல பட்டா..."

"பட்டா சொல்றேன்."

கீழே கார் கிளம்பும்வரை அவள் கதவோரமாகவே நின்றாள். பிறகு கேக்கின் மூடியைத் திறந்தாள். இரண்டு பேருக்கென்று செய்தது. ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள், சாப்பிடவில்லை.