தம்பி அனுப்பிய எஞ்சின்

கார்ப் பந்தயத்தில் அக்கா ஓர் அணி, தம்பி ஓர் அணி. எஞ்சின் செய்யும் பட்டறை தம்பியிடம்தான் இருந்தது. அதனால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவனிடமே எஞ்சின் வாங்கினாள். சீல் வைத்து வருவதைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒரே பட்டறையில் செய்தாலும் இரண்டு எஞ்சின் ஒன்றுபோல் இழுக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

பந்தயத்துக்கு முதல் நாள் பெட்டி வந்து இறங்கியதும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கேக்கில் பெரிய துண்டைப் பின்னால் ஒளித்துக்கொண்டு சின்னதை நீட்டி வளர்ந்தவன்தானே இவன்! பெட்டியோடு நேரே அவன் ஷெட்டுக்குப் போனாள்.

“உன் காருக்கு எடுத்து வெச்சிருக்கியே, அதைக் கொடு. இதை நீயே வெச்சுக்கோ.”

“ஏன்க்கா, என்மேல நம்பிக்கை இல்லையா?”

“துளிகூட இல்லை.”

தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாற்றிக் கொடுத்தான்.

மறுநாள் அவன் கார் அவள் காரை அநாயாசமாகத் தாண்டிப் போய் ஜெயித்தது. அவள் கொதித்துப்போய் அவன்முன் நின்றாள்.

“மட்டமானதை என் தலையில கட்டிட்டியேடா!”

“நல்லதைத்தான்க்கா உனக்கு அனுப்பினேன். அம்மாமேல சத்தியம்!”

பக்கத்திலிருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அவன் மனசாரக் கொடுத்ததை வேண்டாம்னுட்டு, இப்ப அவன்கிட்டயே சண்டைக்கு வர்றியே!”

தம்பி கோப்பையைத் துடைத்தபடி அக்காவின் காதோரம் குனிந்தான்.

“நீ மாத்திக் கேப்பேன்னு எனக்குத் தெரியாதாக்கா?”