மண்ணெண்ணெயில் ஊறிய பிரேக்

நளீர் மச்சான் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை கொதித்தது. தன் வான் வண்டியின் பிரேக் சாமான்களைக் கழற்றி, வெட்டிய கேன் ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, இரவு முழுக்க ஊறப் போட்டிருக்கிறார். கீழே ஒரு வரி: "பளபளக்குது பார். பூட்டியாச்சு. லுஹர் தொழுதிட்டு உம்மாவக் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போறம்."

கட்டாரில் நான் வேலை செய்யும் கராஜில், கை முழுக்க கிரீஸ். ஃபோனைப் பலகையில் சாய்த்துவைத்து, வாயால் சொல்லியே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதினேன்.

"மச்சான், வான எடுக்க வேணாம். பிரேக் றப்பர் மண்ணெண்ண குடிச்சா ஊதிப்போகும். ஒண்டு இறுகிப் பிடிக்கும், இல்லாட்டிப் பிடிக்கவே மாட்டா. கண்டி போற வழியில மகியங்கனை மலை வளைவுல என்ன செய்யப் போறீங்க?"

குரல் பதிவு வந்தது. "டேய், மருதமுனைக் கரையில எத்தின போட் இன்ஜின் கழுவினவன் நான். எல்லாம் மண்ணெண்ணதான். நீ கட்டார் போய் ரெண்டு பெருநாள் கழியல்ல, எனக்குப் படிப்பிக்க வாறா?"

"இன்ஜின் இரும்ப அதுல கழுவுங்க, ஆரு வேணாங்குற? பிரேக்குக்கு பிரேக் கிளீனர்தான் அடிக்கணும். அது காஞ்சா ஒண்டும் மிஞ்சாது. கல்முனை டவுன்லயே இரிக்கி."

"ஓம் துரை. பிரேக்குக்கும் செண்டு அடிச்சிட்டுத்தான் பயணம் போகணுமா?"

நான் கத்திய கத்தலில் போர்மன் திரும்பிப் பார்த்தார். மச்சானின் மனைவியான என் அக்கா, றுஸ்னா ராத்தாவை ஃபோனில் கூப்பிட்டேன். "ராத்தா, உம்மாவ ஏத்த விடாதீங்க. முதல்ல வெறும் வான பக்கத்துல மாவடிப்பள்ளி வரைக்கும் ஓட்டிட்டு வரச் செல்லுங்க. வந்ததும் சில்லுக்குக் கிட்டப் போய்ப் பாருங்க."

"ஓட்டிக் காட்டுறன். பிறகு உன்ட வாய் திறக்கப்படா!" என்று பின்னாலிருந்து மச்சான் கத்தினார்.

போய் வந்தார். ராத்தா வீடியோவில் காட்டினாள். பின்சக்கரத்துக்குள்ளிருந்து மெல்லிய புகை கசிந்தது.

"கிட்டப் போகேலாம கொதிக்குது தம்பி. கருகின மணம்."

"கழுவிப் பூட்டின பிரேக் லைனர் முதல்ல அப்பிடித்தான் மணக்கும். ஏறுங்க மாமி," என்றார் மச்சான்.

உம்மா ஆஸ்பத்திரிக் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் நின்றார். "நான் பஸ்ஸுல போறன்."

"என்ன நம்பல்லயா மாமி?"

"நம்பித்தானே மனே என்ட மகளத் தந்த. உசிரையும் தரட்டா?"

மச்சான் சாவியை மணலில் எறிந்தார். என் ஆத்திரம் அடங்கவில்லை. "இனிக் கிளீனர் அடிச்சும் வேலையில்ல. றப்பர் எல்லாம் மாத்தணும், பிரேக் ஒயில வடிச்சிட்டுப் புதுசு ஊத்தணும். கேட்குதா மச்சான்?"

அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாகத் திரை காட்டியது. ராத்தா சாவியைப் பொறுக்கித் தன் கையில் இறுக்கிக்கொண்டு, உம்மாவை பஸ் ஹோல்ட்டுக்குக் கூட்டிப் போனாள்.