கூடுதலாக நான்கு வரிகள்

...அப்படியென்றால் குத்துவிளக்கும் இல்லை, பொன்னாடையும் இல்லை, தலைமையுரைகூட இல்லை, அந்தப் பெண் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே நடந்துவந்து மைக்கைத் தன் வாயளவுக்குத் தாழ்த்திக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டாள், மண்டபமும் சட்டென்று அடங்கிவிட்டது, இதென்ன நியாயம், மோர்னிங்சைட்டில் இதே சமூக நிலையத்தில் இதே அறையில்தானே ஜூலியஸின் மூன்று கவிதை நூல்களும் வெளியிடப்பட்டன, அப்போது பின்வரிசையில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள், ஆசியுரை நடக்கையிலேயே ஒருவர் தேநீரோடு தருகிற ரோல்ஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார், வந்த நாற்பது பேரும் எழுதுகிறவர்கள், ஒருவர் புத்தகத்தை மற்றவர் வெளியிட்டு வைப்பதற்காகவே பிறந்தவர்கள்... இன்றைக்குக் கதிரை போதாமல் சனம் சுவரோடு நிற்கிறது. ஆமாம், எண்ணிவிட்டார், கதிரைகளை மட்டும், நூற்றிருபது. நாதிரா என்று பெயராம். பலஸ்தீனப் பெண். நாப்லுஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம், இப்போது மிசிசாகா. முப்பத்தைந்து வயதுக்குள் அடங்கும் முகம். அவையோரை விளிக்கவேயில்லை. 'கற்றறிந்த சான்றோர்களே' என்று தொடங்கி அந்தச் சான்றோர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஜூலியஸுக்குப் பதினொரு நிமிடம் பிடிக்கும், இவள் 'வணக்கம்' என்று தமிழில் ஒரு சொல் சொன்னாள், அதற்கே கைதட்டல். பழக்கிக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். முன்வரிசையில் இருக்கிறாள், அவருடைய மனைவி அன்ரனெற்.

இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எந்தத் தலைப்பில் சொல்வது என்று ஜூலியஸ் யோசித்தார். பிறர் மனைவியை விரும்பாதே, பிறர் உடைமையை விரும்பாதே, சரி, பிறர் துயரத்தை விரும்பாதே என்று கட்டளை எதுவும் இல்லையே, மோசேயின் கற்பலகையில் இடம் போதாமல் போயிருக்கலாம். வீடு இடிபட்டவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், அவர்களைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவானா? படமாட்டான். ஜூலியஸ் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை, அவர்களுக்குக் கிடைக்கிற கதிரைகளைப் பார்த்துத்தான்... இரண்டும் ஒன்றா? நாங்களும்தான் செத்தோம். எங்களுடைய கடலும்தான் மூடிக் கிடந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து உடுத்த சாரத்தோடு வெளிக்கிட்டவன் நான், எனக்கு யார் மண்டபம் நிறைத்தார்கள்? ரஸீன் நிறைத்தானா? வீடு வீடாகப் போய்க் குளிருக்குச் சூடு தருகிற ஃபேர்னஸ் திருத்துகிற ரஸீன், போகிற வீட்டிலெல்லாம் நோட்டீசை வைத்துவிட்டு வந்து இவ்வளவு சனத்தைச் சேர்த்திருக்கிறான். பதினைந்து நாளைக்கு முன் அவன்தான் விட்பியில் இருக்கிற இவர் வீட்டுக்கு ஃபோன் எடுத்தான். "அண்ணை, நீங்கள் கவிஞர்தானே, அவவின்ர ஒரு கவிதையைத் தமிழில மாத்தி வாசிச்சு விடுங்கோ, மூண்டு நிமிசம்." கவிஞர்தானே. அந்தத் 'தானே'யை ஜூலியஸ் இரண்டு நாள் மென்றார். பிறகு ஒத்துக்கொண்டார், அழைப்பிதழில் 'புலம்பெயர் கவிச்சுடர்' என்று போடச் சொன்னார், அது அவருக்கு ஒரு மன்றம் கொடுத்த பட்டம், அந்த மன்றத்துக்கு அவரே செயலாளர் என்பது தற்செயல். ரஸீன் போட்டது 'தமிழில்: ஜூலியஸ்'. அவ்வளவுதான். எழுத்துச் சிக்கனம்.

நாதிரா தன் பின்னால் அறிவிப்புப் பலகையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த துணிகளைக் காட்டினாள், மூலையில் சும்பா நடன வகுப்பு நோட்டீஸ் இன்னும் கழற்றப்படாமல் இருந்தது, அதை ஒருவரும் பார்க்கவில்லை, ஜூலியஸ் மட்டும் பார்த்தார், ஒரு சின்ன ஆறுதல். தன் அம்மா இளம்பெண்ணாக இருந்த காலத்தில் நாட்டுக்கொடியைப் பிடித்தால் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றாள், அதனால் பெண்கள் கொடியின் நாலு நிறத்தையும் உடுப்பில் பறவைச் சிறகாகத் தைத்தார்களாம், பறவையை எந்தச் சட்டத்தில் பிடிப்பது. ஒருமுறை ஊர் நாடக மண்டபத்துக்குச் சீல் வைத்துவிட்டார்களாம், இவர்கள் ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டிலேயே நாடகத்தைப் போட்டார்களாம், நடிகர்கள் ஏறி இறங்க, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வாசலில் நின்று தங்கள் தளத்துக்கு வந்த காட்சியை மட்டும் பார்த்தார்களாம், பிறகு இரவுச் சாப்பாட்டில் ஆளையாள் கேட்டு முழுக் கதையையும் பொருத்திக்கொண்டார்களாம். சபை சிரித்தது, சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தது. ஜூலியஸுக்கும் நெஞ்சில் ஏதோ அசைந்தது, உடனே அதன் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது... அவருடைய குரலும் நசுக்கப்பட்டிருக்கிறதே. மூன்றாவது நூல் வெளியீட்டில், எட்டு உரை முடிந்து அவர் ஏற்புரைக்கு எழும்பியபோது, மண்டபம் எடுத்த நேரம் முடிந்துவிட்டதென்று காவலாளி விளக்கை அணைத்துவிட்டான். இருட்டில் நின்று அவர் இரண்டு வசனம் பேசினார். அதை யாரும் கலை ஒடுக்குமுறை என்று எழுதவில்லை.

அடுத்து அவள் கவிதையை அரபியில் வாசித்தாள், ஃபோனைப் பார்த்து, மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல, ரஸீனின் மகள் இஸ்ரத் அதையே ஆங்கிலத்தில் வாசித்தாள். ஜூலியஸுக்குக் கேட்கத் தேவையில்லை, மனப்பாடம். சோதனைச்சாவடி, அம்மாவின் கையில் மேசைவிரிப்பு, சிப்பாய் விரித்துக் காட்டச் சொல்கிறான், இது என்ன, பறவை, ஏன் நாலு நிறம், நூல் அவ்வளவுதான் இருந்தது. இந்த இடம். இந்த இடத்தில்தான் அவருக்கு வயிறு எரியும். நூல் அவ்வளவுதான் இருந்தது... ஒரு கிழவி கடைக்காரனுக்குச் சொல்கிற வசனம், அதில் ஒரு நாடே நிற்கிறதே, எப்படி? அவராயிருந்தால் அங்கே குருதி வந்திருக்கும், ரணம் வந்திருக்கும், விடியல் கட்டாயம் வந்திருக்கும். முதல் தொகுதியில் குருதி என்ற சொல் நாற்பத்துமூன்று இடத்தில் வருகிறது என்று எண்ணிச் சொன்னவள் அன்ரனெற். "முதியோர் இல்லத்தில வேலை செய்யிற எனக்கே தலை சுத்துதப்பா" என்றாள். இரண்டாவது தொகுதியை ஒரே இரவில் வாசித்தாள், அதாவது ஒரே இரவில் நித்திரையானாள். மூன்றாவதில் பதினாறாம் பக்கமும் பதினேழாம் பக்கமும் அச்சகத்தில் ஒட்டியபடியே இன்னும் இருக்கின்றன, பிரித்துப் பார்த்த கை இல்லை. அந்த அன்ரனெற் இப்போது முன்வரிசையில் கைக்குட்டையை மூக்கில் வைத்திருக்கிறாள், தோள் குலுங்குகிறது. நாலு மாதமாகச் சனிக்கிழமைகளில் ரஸீனின் மனைவி முஹ்ஸினா வீட்டில் இந்த நாதிராவிடம் குறோஸ் ஸ்ரிச் தையல் பழகுகிறாள், வீடு முழுக்கச் சிவப்பு நூல், ஒருநாள் அவருடைய கோப்பிக்குள்கூட ஒரு துண்டு மிதந்தது. முப்பது வருடத்தில் அவருடைய ஒரு வரிக்காவது அந்தத் தோள் குலுங்கியிருக்குமா?

அதற்குத்தான் சட்டைப்பையில் இருக்கிறது மருந்து. மடித்த தாளில் நாதிராவின் கவிதை, தமிழில், அதன் கடைசியில் நாலு வரி, அது நாதிராவுடையதல்ல, ஜூலியஸுடையது. மொழிபெயர்ப்பு என்பது மறுபடைப்பு என்று எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறார், இப்போது ஒருமுறை செய்துபார்த்தால் என்ன? அரபி தெரிந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்தவர்கள் ஆங்கிலத்தில் வரியை எண்ணிக்கொண்டா இருக்கப்போகிறார்கள். அந்த நூல் வசனத்துக்குப் போட்டியாக ஒன்று எழுதிவிடவேண்டும் என்று எட்டு நாள் முக்கினார், ஒன்பதாம் நாள் ஷவருக்குள் நிற்கையில் நாலும் சேர்ந்தே வந்தன, தலையில் சோப்போடு ஓடிவந்து எழுதினார். ஒரு பெண்ணின் குரலில் வந்தன, ஏன் பெண்ணின் குரல் என்று அவர் கேட்கவில்லை, வந்ததை யாராவது கேட்பார்களா, குருதியும் இல்லை, விடியலும் இல்லை, அவர் எழுதியதிலேயே நல்ல நாலு வரி. அந்த வரிகளுக்குச் சனம் அழுகிறதா என்று பார்க்கவேண்டும். அவள் பெயரிலென்றாலும் பரவாயில்லை, ஒருமுறை பார்த்துவிடவேண்டும். சனம் அழுதால், தான் ஒரு கவிஞன். அழாவிட்டால்... நூற்றிருபது கதிரையும் அவளுக்கே இருக்கட்டும், இனி எழுதுவதில்லை. இதைத் தாளை மடிக்கும்போதே முடிவெடுத்திருந்தார்.

"அங்கிள், நெக்ஸ்ற் நீங்கள்" என்று இஸ்ரத் குனிந்து சொன்னாள். "த்ரீ மினிற்ஸ்தான், ப்ளீஸ், ஸ்பீச் வேண்டாம்."

ஸ்பீச் வேண்டாமாம். எழும்பினார், முழங்கால் சத்தம் போட்டது, மைக் அவளுடைய உயரத்திலேயே இருந்தது, நிமிர்த்தப் பார்த்தார், அது மறுபடியும் சரிந்தது, குனிந்தே வாசித்தார். விரித்துக் காட்டு என்றான், விரித்தாள் அம்மா... சபை அவருக்கு ஒருபோதும் தராத அமைதியைத் தந்தது. நூல் அவ்வளவுதான் இருந்தது என்றபோது சுவரோடு நின்ற ஒரு மனிதர் தொண்டையைச் செருமினார். இங்கே நாதிரா முடிகிறாள். ஜூலியஸ் மூச்சை இழுத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமலே, தன்னுடையதைத் தொடங்கினார்.

காதில் கிடந்த தோட்டைக்
கழற்றித் தா என்றவன்
என் மொழியில்தான் கேட்டான்,
தங்கச்சி என்றும் சொன்னான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அன்ரனெற் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அவரை நேரே பார்த்தாள், அவளுக்கு அந்தக் கவிதை தலைகீழாகத் தெரியும், நாலு மாதம் தைத்தவள், கணக்குத் தப்பிய தையலைப் பார்க்கிற பார்வை அது... போச்சு. பிறகு கதவடியில் ஒரு அசைவு. ரஸீன். நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவன் சுவரில் கையூன்றித் தலையைக் குனிந்தான், குனிந்த தலை நிமிரவில்லை. முஹ்ஸினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்களுக்கு முன்னால் ஒரு வயதானவர், அவர்களின் சொந்தக்காரராக்கும், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கைதட்டல் பிந்தித்தான் வந்தது, வந்தபோது நிறைய வந்தது. ஜூலியஸின் உடம்பெல்லாம் குளிர்ந்தது. அழுதார்கள். என்னுடைய வரிக்கு அழுதார்கள்.

ஆனால் தேநீர் மேசைக்குப் போனால், சனம் நாதிராவைச் சுற்றி நிற்கிறது. ஒரு பெண் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அந்தத் தோடு, அந்தக் கடைசி வரி, ஐயோ என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள், நாதிரா என்ன தோடு என்று புரியாமல் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டுகிறாள், தமிழில் அப்படித்தான் கேட்கும்போல என்று நினைத்திருப்பாள். உது என்ன கொடுமை. அவளுடைய வரியின் மேல் எரிந்தது போதாதென்று இப்போது தன்னுடைய வரியின் மேலேயே எரிகிறதே, நல்லாய் எழுதியிருக்கிறாளே பாவி என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்துவிட்டார். இல்லை, சொல்லிவிட வேண்டியதுதான். நான்தான் எழுதினேன் என்று இப்போதே, ரஸீனிடம் முதலில்.

ரஸீன் அவரைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தான், கண் சிவந்திருந்தது. "ஜூலியஸ் அண்ணை, கடைசி நாலு வரி. இங்கிலீசில எனக்கு அது கேக்கேல்ல, நான் கதவடியில சனத்தோட மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டிட்டன். என்ர கூடப்பிறந்த மூத்தவ, எங்கட ராத்தாவிட்டயும் அப்பிடித்தான் கேட்டவங்கள். இயக்கம் எங்கட முஸ்லிம் சனம் முழுதையும் சோனகதெருவை விட்டு வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு. ரெண்டு மணித்தியாலம் தந்தவங்கள். சந்தியில நிண்டு சோதிச்சவங்கள். கத்தேல்ல, ஏசேல்ல, தங்கச்சி, தோட்டைக் கழட்டுங்கோ எண்டு மரியாதையாத்தான் கேட்டாங்கள். எனக்குப் பதினைஞ்சு வயசு. ராத்தான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்." மூக்கை உறிஞ்சினான். "இந்த மனுசிக்கு எங்கட கதை எப்பிடியண்ணை தெரியும்?"

நான்தான் என்று சொல்ல ஜூலியஸ் வாயைத் திறந்தார். நான் எழுதினது... எங்கேயிருந்து? எனக்கேது தோடு, என்னை யார் தங்கச்சி என்றான்? தொண்ணூறு ஒக்ரோபர். ஊர்காவற்றுறைத் தீவை ஆமி பிடித்ததால் நகரத்துக்கு ஓடிவந்து பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்த மாதம். சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய் வரிசை, கையில் கலன், சந்தி கூப்பிடு தூரம், தலையிலும் இடுப்பிலும் மூட்டையோடு சனம் போகிறது, துவக்கோடு இயக்கப் பெடியன், ஒரு பெண்பிள்ளை, பக்கத்தில் யாரோ நின்றார்களா, சின்னவன் ஒருவன்? தங்கச்சி, தோட்டைக் கழட்டுங்கோ. கேட்டது. தெளிவாகக் கேட்டது. அவருக்கு முன்னால் நின்றவர் என்னடா இது என்று வரிசையை விட்டு வெளியே வந்து பார்த்தார், அந்த இடம் காலியாக இருந்தது, ஜூலியஸ் அதில் ஏறி நின்றுகொண்டார். அதுதான் அன்று அவர் செய்தது. மூன்று தொகுதியில், இருநூற்றுச் சொச்சக் கவிதையில், அந்தச் சந்தி ஒரு வரியிலும் இல்லை. எல்லாவற்றிலும் நான் அகதி, நான் அகதி என்று... ஷவருக்குள் வந்த குரல், அப்படியென்றால், அது...

"அந்தத் தாளைத் தாங்கோ" என்றான் ரஸீன், சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தபடி. "முஹ்ஸினா அந்த நாலு வரியையும் துணியில தைக்கப்போறாவாம். கீழ ஆற்ற பேரைப் போடுறது? நாதிராவின்ர பேர்தானே?"

அன்ரனெற் எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. கையில் தேநீர்க் கோப்பை, முகத்தில் ஒன்றும் இல்லை. "சொல்லுங்கோவன் இஞ்சேருங்கோ" என்றாள். "பேர் போடுறதிலதானே நீங்கள் கெட்டிக்காரர்."

தாளை நீட்டினார். ரஸீன் அதைச் சுவரில் வைத்து நாலு வரிக்கும் கீழே பேனை முனையை ஊன்றினான், காத்திருந்தான். இரண்டு பெயர் ஜூலியஸின் வாய்க்குள் இருந்தது, இரண்டும் பொய் என்று இப்போதுதான் தெரிந்தது. பதினொரு வருடப் பழக்கம், எத்தனை தேநீர், எத்தனை பெருநாள் பிரியாணி, இவனிடம் இதைக் கேட்கத் தோன்றவேயில்லையே...

"ரஸீன், உம்மட ராத்தாவின்ர பேர் என்ன?"

ரஸீன் பேனையை எடுக்காமலே தலையை மட்டும் திருப்பினான். அந்தப் பார்வை வரிகளுக்குப் போயிற்று, ஜூலியஸின் முகத்துக்கு வந்தது, திரும்பவும் வரிகளுக்குப் போயிற்று.

"ஏனண்ணை கேக்கிறீங்கள்?" என்றான், மெதுவாக.