பழுப்பு மாத்திரை தீர்ந்த பிறகும்

அட்டையில் இருந்த வெள்ளை மாத்திரைகள் தீர்ந்து, கடைசிப் பழுப்பு மாத்திரையையும் விழுங்கியாயிற்று. பானுப்ரியாவுக்கு மாதவிலக்கு வரவில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து, கடைசி ஏழு நாளுக்கான பழுப்பு இரும்புச்சத்து மாத்திரையைத் தொட்டதுமே வந்துவிடும். இந்த முறை ஒரு பொட்டுகூட இல்லை.

வேறு சமயமாக இருந்தால் பொறுத்துப் பார்த்திருப்பாள். காவலர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். மறுவாரம் விழுப்புரத்தில் உடற்தகுதித் தேர்வு ஓட்டம். அதற்காகக் கைக்குழந்தையைக் கணவன் ஆனந்தராஜிடம் விட்டுவிட்டு, விடிந்ததும் திண்டிவனம் பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

மருந்துக் கடையில் கிட் வாங்கிச் சோதித்தாள். ஒரே கோடு. கர்ப்பம் இல்லை. ஆனால் காலையில் குமட்டுகிறது, மார்பு வலிக்கிறது. கிட்டை நம்புவதா, உடம்பை நம்புவதா? கண்டமங்கலத்தில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது ராத்திரி மாத்திரை போட்டோமா? போட்டது போலவும் இருந்தது, போடாதது போலவும் இருந்தது.

"ஓடாத பானு. உள்ள புள்ள இருந்து எதுனா ஆயிட்டா?" என்றான் ஆனந்தராஜ்.

"ஒரு கோடுதான மாமா காட்டுது?"

"அப்ப இன்னாத்துக்கு வரல?"

அவள் அலமாரியிலிருந்து புது அட்டையை எடுத்தாள். அவன் மெதுவாக, "இருந்தா இருக்கட்டுமே. வேலை அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிரித்தால் பிள்ளைக்கு ஆகுமா? பிரிக்காவிட்டால் புதிதாக உண்டாகிவிட்டால்? அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரத்தமும் எடுக்கச் சொன்னார். மத்தியானம் ரிசல்ட் வந்தது.

"கர்ப்பம் இல்லம்மா. இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்குச் சில மாசம் இப்படி வராமலே போகும்."

"அப்ப அந்த ரத்தம்லாம் உள்ளயே தங்கிக்கினு இருக்குங்களா?"

"எங்க தங்குது? மாத்திரையால கர்ப்பப்பைக்குள்ள சவ்வு கனமா வளரல. வளந்தாத்தான உதிர்ந்து வரும்? குமட்டலும் மார்பு வலியும்கூட மாத்திரையாலயே இருக்கலாம். இன்னிக்கே புது அட்டையைத் தொடங்குங்க, நடுவுல விடாதீங்க. அடுத்த மாசமும் வரலன்னா வந்து காட்டுங்க."

"ஓடலாங்களா?"

"தாராளமா ஓடுங்க."

வெளியே வந்ததும் அவளுக்குக் கண்ணீர் முட்டியது. ஆறுதலா, ஏமாற்றமா? பிள்ளை வேண்டாம் என்றுதானே மாத்திரையே போட்டாள்? போன் செய்து சொன்னபோது ஆனந்தராஜ், "அப்ப இல்லியா?" என்றான். பிறகு, "சரி, ஜல்தி வந்து சேரு. பாப்பா உன்னத் தேடுது" என்றான்.

ஓட்டத்தன்று பாதி தூரத்தில் அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. ரத்தப் பரிசோதனையே பார்த்தாயிற்று. இன்னும் என்ன சந்தேகம்? கையை வீசிக்கொண்டு ஓடினாள். இரண்டு பெண்களைத் தாண்டி எல்லைக் கோட்டைத் தொட்டாள். தேறியவர்கள் பெயரை வாசித்தபோது அவள் பெயரும் வந்தது.

வெளியே குழந்தையோடு நின்றிருந்த ஆனந்தராஜ் அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "பாஸா?" என்றான்.

"பாஸ்தான் மாமா."

அவன் முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. அடியில் வேறு ஏதாவது இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூவரும் திண்டிவனம் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.