கூரை சுமக்கும் பெண்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மண்ணில் சிற்பம் செய்து சூளையில் சுடும் ஒருத்தியின் பட்டறைக்குப் போயிருந்தேன். கிரேக்கர்கள் ஒரு கோயிலில் தூண்களுக்குப் பதிலாகப் பெண் சிலைகளை நிறுத்தி, கூரையை அவர்கள் தலையில் ஏற்றினார்கள் அல்லவா, அப்படி ஒருத்தியை அவள் செய்துகொண்டிருந்தாள். முகம் அவளுடைய அக்காவின் முகம். அவ்வளவுதான் நான் பார்த்தது. மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2

"அம்மா போன பிறகு அந்த வீட்டைத் தாங்கி நின்றவள்..."

அடித்துவிட்டேன். குடும்ப விளக்கு, தியாகச் சுடர் என்று எழுதி எழுதியே எத்தனை பேரை நகரவிடாமல் செய்திருக்கிறோம்!

"ஈர மண்ணின் வாசனை..."

(இதுவும் வேண்டாம். வாசனை இல்லாமலும் ஒரு கதை பிழைக்கட்டும்.)

நேராகவே சொல்கிறேன். அப்பா படுத்த படுக்கை. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாம் அக்கா. அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. அதைத் தங்கையிடம் சொல்லத்தான் பட்டறைக்கு வருகிறாள்.

3

அக்கா சிலையைச் சுற்றி வந்தாள்.

"மூக்கு என்னோடதேதான். கழுத்துல என்னடி கோடு?"

தங்கை குனிந்து பார்த்தாள். விரிசல்.

"கழுத்து இறுகுறதுக்கு முன்னாடியே கூரையை ஏத்திட்டேன்க்கா. கனம் தாங்கல."

"உனக்குத் தெரியாததா? ஏன் அவசரப்பட்டே?"

"நீ தாங்குவேன்னு நெனச்சேன்."

(நான் எழுத நினைத்தது 'அது தாங்கும்' என்றுதான். அவள் வாயில் இப்படி வந்துவிட்டது. திருத்த மனமில்லை.)

அக்கா விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள்.

"இப்ப என்ன செய்யறது?"

"பக்கத்துல ஒரு முட்டு வைக்கலாம். அதுவும் இதே மண்ணுல இருக்கணும். அப்பதான் சூளையில ரெண்டும் சேர்ந்து சுருங்கும். இல்லன்னா கூரையை அறுத்து எடுத்துடணும்."

"எடுத்துட்டா?"

"அப்புறம் அது தூண் இல்ல. சும்மா ஒரு பொம்பளை."

"சும்மா இருந்தா என்னடி கொறைஞ்சு போச்சு?" என்றவள், அதே மூச்சில் சொல்லிவிட்டாள். "எனக்கு வேலை கெடைச்சிருக்கு. வெளியூர்ல. வரேன்னு அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லணும்."

"அப்பா?" என்றாள் தங்கை.*

* அவளிடம் எனக்கு இங்கே கோபம் வருகிறது. ஒரு 'சந்தோஷம்க்கா' சொல்லிவிட்டுக் கேட்டிருக்கலாம். கிரேக்கக் கதை ஒன்றில் வானத்தையே சுமக்கும் ஒருவன் வருகிறான். அந்தச் சுமையை இன்னொருவன் சற்று நேரம் வாங்கிக்கொள்கிறான். பிறகு, "சும்மாடு வைத்துக்கொள்கிறேன், ஒரு நிமிடம் பிடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறான். "இந்தக் கண்காட்சி முடியற வரைக்கும் அப்பாவைப் பாத்துக்கோக்கா" என்று தங்கையும் ஒருநாள் இப்படித்தான் சொன்னாள், அது எந்தக் கண்காட்சிக்கு என்று இப்போது அவளுக்கே நினைவில்லை.

4

ஒரு முடிவு எழுதினேன். தங்கை மண் அறுக்கும் கம்பியை எடுத்துக் கூரையை அறுக்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். படிக்க இதமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் அப்பா நனைந்த படுக்கையில் கிடந்தார், அதை நான் எழுதவில்லை.

இன்னொன்றில் தங்கை பக்கத்தில் முட்டு வைக்கிறாள். அக்கா, "பாதி கனமாவது கொறையும்" என்று சிரித்துவிட்டு அங்கேயே நின்று...

இல்லை. அவள் போக வேண்டும். போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

5

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். கம்பி மேசைமேல் கிடக்கிறது. மண் காய்ந்துகொண்டே வருகிறது, இன்று அறுக்காவிட்டால் அப்புறம் உடைக்கத்தான் முடியும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்கிறார்கள்.

கூரையை எடு என்று சொல்ல உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். எனக்கும்தான். சொல்லுங்கள், உங்கள் பேச்சைத் தங்கை கேட்பாள். நாளைக் காலையில் அவர்கள் அப்பாவைக் குளிப்பாட்ட யார் வருவது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.